எஞ்சின் மாற்றிய மொறிஸ் மைனருக்கு ஏசி: எந்த வழி தோதுப்படும்?

போன வருடம் வைகாசியில் ஒரு கலியாண ஓட்டம். கோண்டாவிலில் மாப்பிள்ளையை ஏற்றி நல்லூரில் இருக்கிற மண்டபத்தில் இறக்க வேண்டும், அவ்வளவுதான், கால் மணிநேரம்கூட ஆகாத பாதை. ஆனால் ரயில் கடவையில் கதவு விழுந்துவிட்டது. பட்டு வேட்டி, தலைப்பாகை, கழுத்தில் மாலை, ஒரு பக்கம் தோழன், மற்றப் பக்கம் உடம்பு பெருத்த மாமா ஒருவர், காற்று என்று ஒன்றும் இல்லை. மண்டப வாசலில் இறங்கும்போது மாப்பிள்ளையின் சந்தனப்பொட்டு மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. வீடியோக்காரத் தம்பி கமெராவை இறக்கி, "அண்ணை, முதல்ல முகத்தைத் துடையுங்கோ, பிறகு இறங்கிற சீன் திரும்ப எடுப்பம்" என்றார். மைனருக்கு ஏசி போடுவது என்று அன்றிரவே முடிவெடுத்தேன்.

போட்டேன். ஒரு தடவை பிழையாக, இரண்டாம் தடவை சரியாக. இதற்கிடையில் சித்தப்பாவின் ஒஸ்ரினுக்கும் ஏசி ஏறியது, மச்சான் ஒருவன் கரண்டில் ஓடும் கொம்பிறசர் (ஏசி காஸை அழுத்தித் தள்ளும் சாமான்) வைக்கப்போகிறேன் என்று ஒரு மாதம் ஆடினான். ஆகவே மூன்று நான்கு வழியையும் கிட்ட நின்று பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பழைய காருக்கு ஏசி போடுவதைப் பற்றிக் கேட்டால் ஆளாளுக்குக் கொம்பிறசர் பெயரைத்தான் சொல்வார்கள். எஞ்சின் மாற்றிய காரில் கொம்பிறசர் கடைசிக் கவலை.

முதலில் காரைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மைனர் 1958 ஆம் ஆண்டுக்காரன், வந்தபோது 948 சிசி எஞ்சின், 37 குதிரை. தொண்ணூறுகளில் இங்கே யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில் மற்ற ஒஸ்ரின், மொறிஸ் எல்லாம் போலவே இதுவும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. காபரேற்றருக்குச் சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அப்பாவின் காலைக் கடன்களில் ஒன்று. அந்த எஞ்சின் அப்படியே தேய்ந்து முடிந்தது. 2002 இல் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தபிறகு கொழும்பிலிருந்து வனெற் வானின் நிசான் ஏ15 எஞ்சின், 1488 சிசி, அதன் கியர்பொக்ஸோடு வந்து உள்ளே ஏறியது. பழைய 37 குதிரையில் ஏசிக்கு மூன்று நான்கு குதிரையைப் பிடுங்கினால் கொடிகாமம் போவதற்குள் பொழுது படும். இந்த எஞ்சின் அதைத் தாங்கும். எஞ்சின் மாற்றிய காருக்கு மட்டும் இந்தப் பேச்சை எடுப்பது அதனால்தான்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. கொம்பனியிலிருந்து ஏசியோடு வந்த காரில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருக்கும். எங்களுடையதில் உடம்பு இங்கிலாந்து, எஞ்சின் ஜப்பான், றேடியேற்றர் எந்த வாகனத்தினது என்று அதை மாட்டிய மெக்கானிக்குக்கே மறந்துபோய்விட்டது. இந்த மூன்றில் எதற்கும் அளவெடுக்காத ஏசியை இவற்றுக்கு நடுவே நுழைக்கப் பார்க்கிறோம். ஆகவே கடைக்குப் போகமுதல் பொனற்றைத் திறந்து மூன்று விசயம் பாருங்கள். எஞ்சினின் முன்னால் சுற்றும் கிராங்க் கப்பியில் பெல்ட் ஓடும் பள்ளம் ஒன்றா இரண்டா? எஞ்சின் புளொக்கின் பக்கவாட்டில், ஒன்றும் பூட்டாமல், மரை உள்ள துளைகள் சும்மா இருக்கின்றனவா? றேடியேற்றருக்கு முன்னால் கிறில் வரைக்கும் நாலு விரல் இடம் இருக்கிறதா? எந்த வழி உங்களுக்கு என்பதை இந்த மூன்றும் பாதி சொல்லிவிடும்.

நான் முதலில் எடுத்த வழி, எல்லாரும் எடுக்கிற வழி. எந்தக் காருக்கும் பொருந்தும் என்று விற்கிற செற் ஒன்று: டாஷ்போட்டுக்குக் கீழே தொங்கும் கூலிங் கொயில் பெட்டி, சூட்டை வெளியே தள்ளும் கொண்டென்சர் ஒன்று, ஹோஸ், கொஞ்சம் வயர், சாண்டென் கொம்பனியின் 508 மாதிரியில் செய்த ஒரு கொம்பிறசர். இந்த 508 என்ற எண்ணில் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் 5 பிஸ்ரன் எண்ணிக்கை, கடைசி 8 ஒரு சுற்றுக்குத் தள்ளும் அளவு, முழு எண்ணாக்கிய கன அங்குலத்தில், சரியளவு 138 சிசி. 507 என்றால் 108 சிசி. கடைக்காரர் பெரிதைத்தான் எடுத்துத் தருவார், நாங்களும் பெரிது நல்லது என்றுதான் வாங்குவோம். மைனரின் உள்ளிடம் நாலு பேர் முழங்கால் இடிக்க இருக்கிற அளவு. அதற்கு 507 தாராளம், எஞ்சினுக்கும் சுமை குறைவு.

செற்றில் இல்லாத ஒரே சாமான், கொம்பிறசரைத் தாங்கிப் பிடிக்கிற பிறக்கெற். அதை லேத் கடையிலும் வெல்டிங் கடையிலும் செய்விக்க வேண்டும். என்னுடையதைச் செய்த கராஜில், எஞ்சின் பக்கம் இடமில்லை என்று சொல்லி, கொம்பிறசரை மட்கார்ட்டின் உட்பக்கத் தகட்டில் ஒரு கோணிரும்பு ஒட்டிப் பூட்டிவிட்டார்கள். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஆனால் எஞ்சின் இறப்பர் மவுண்டில் இருக்கிறது, கிளச் விட்டால் ஒரு பக்கம் சரியும், பிறேக் அடித்தால் முன்னே வரும். தகட்டில் இருக்கிற கொம்பிறசர் அசையாது. நடுவில் பெல்ட் என்ன செய்யும்? இழுபடும், தளரும், கத்தும். ஏசியைப் போட்டுக்கொண்டு முதல் கியரில் எடுத்தால் வீதியில் போகிற நாய்கூடத் திரும்பிப் பார்க்கும். மூன்றாம் கிழமை பொனற்றின் உட்பக்கம் முழுக்கக் கறுப்புத் தூள், நாலாம் கிழமை நாவற்குழிப் பாலம் தாண்டும்போது பெல்ட் கழன்று றேடியேற்றர் விசிறியில் சுற்றிக்கொண்டது. கொம்பிறசர் எஞ்சினோடு சேர்ந்து ஆட வேண்டும். அதை எஞ்சினில்தான் பூட்ட வேண்டும், வேறெங்கும் கூடாது. இதை மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிறக்கெற்றைச் செய்விப்பதே பிழை என்று சொல்லவரவில்லை. நல்ல கைக்காரர் கிடைத்தால் அரை அங்குலத் தகட்டில், புளொக்கின் மூன்று துளையாவது பிடிக்கிற மாதிரி, முக்கோண முட்டுக் கொடுத்துச் செய்வார். அது எஞ்சினுக்குப் பிறகும் இருக்கும். பார்க்க வேண்டியது கப்பிகளின் நேர். ஒரு நேரான இரும்புச் சட்டத்தைக் கிராங்க் கப்பியின் முகத்தில் வைத்தால் அது கொம்பிறசர் கப்பியின் முகத்திலும் வெளிச்சம் தெரியாமல் படிய வேண்டும். இரண்டின் விளிம்புத் தடிப்பும் வேறு வேறாக இருந்தால் முகத்தை விட்டுவிட்டுப் பள்ளத்துக்குப் பள்ளம் நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு மில்லிமீற்றர் விலகினாலே பெல்ட் ஒரு பக்கம் மட்டும் மினுங்கத் தொடங்கும். டீசல் எஞ்சின் என்றால் இன்னும் ஒரு தொல்லை, அதன் அதிர்ச்சிக்கு வெல்டிங் ஒட்டு மயிரிழையாக வெடித்து, ஒரு நாள் கையில் கழன்று வரும்.

இரண்டாவது வழி, எஞ்சின் பிறந்த வாகனத்தின் ஏசிச் சாமானையே தேடி எடுப்பது. ஏ15 எஞ்சின் ஏசி பூட்டிய வான்களிலும் வந்திருக்கிறது. அந்த வானில் கிராங்க் கப்பிக்கு இரண்டு பள்ளம், புளொக்கின் துளைகளுக்கு அச்சொட்டாகப் பொருந்தும் வார்ப்பிரும்புப் பிறக்கெற், பெல்ட்டை இறுக்கும் சின்னக் கப்பி எல்லாம் இருக்கும். அது நிசான்காரன் கணக்குப் பார்த்துச் செய்தது. எங்கள் வெல்டிங்காரர் எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும் அந்த நேரும் உறுதியும் வராது. இரண்டாம் தடவை இதைத்தான் செய்தேன். கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் இரண்டு நாள் அலைந்தேன், கழற்றிய எஞ்சின்கள் குவிந்த கடைகளில் கையெல்லாம் கிறீஸ், ஏழாவதோ எட்டாவதோ கடையில் ஒரு மூலையில் பழைய ஸ்டாட்டர்களுக்குக் கீழே பிறக்கெற்றும் இரட்டைப் பள்ளக் கப்பியும் ஒன்றாகக் கம்பியில் கட்டிக் கிடந்தன. கடைக்காரருக்கு அது எதனுடையது என்று தெரியாது, நான் எனது எஞ்சினின் துளை இடைவெளியைக் காகித மட்டையில் வெட்டிக்கொண்டு போயிருந்தேன், வைத்துப் பார்த்ததும் பொருந்திவிட்டது. அந்த மட்டை இல்லாமல் போயிருந்தால் வெறுங்கையோடு பஸ் ஏறியிருப்பேன்.

பிறக்கெற்றைப் பழையதாக எடுத்தேன், கொம்பிறசரைப் பழையதாக எடுக்கவில்லை. குழாய் வாய் திறந்தபடி எத்தனை மாதம் கிடந்தது என்று தெரியாத கொம்பிறசருக்குள் ஈரமும் தூசியும் போயிருக்கும். ஏசிக்கு அந்தக் காலத்தில் அடித்த ஆர்12 காஸில் ஓடியது என்றால் உள்ளே இருப்பது மினரல் எண்ணெய். இப்போது போடுவது ஆர்134ஏ, அதோடு அந்த எண்ணெய் கலந்து சுற்றி வராது, கொம்பிறசர் வறண்டு இறுகிவிடும். எண்ணெயை முழுக்க வடித்துக் கழுவி மாற்றலாம்தான். ஆனால் அந்த வேலைக்குக் கொடுக்கிற கூலியும் பிறகு படுகிற பயமும் எதற்கு, பூட்டுகிற காதுகளின் அளவு ஒத்துவரும் புதிய 507 ஒன்றைப் பூட்டினால் முடிந்தது.

சித்தப்பாவுக்கு இந்த அலைச்சலே இல்லை. அவரது ஒஸ்ரின் ஏ55 கேம்பிரிட்ஜில் இருப்பது டொயோட்டா 2சி டீசல். எஞ்சின் இறங்கும்போதே கொம்பிறசர், பிறக்கெற், கப்பி எல்லாம் ஒட்டியபடி இறங்கியது, அப்போது ஏசி எண்ணம் இல்லாததால் மெக்கானிக் கழற்றி எடைக்குப் போடப் பார்த்தாராம். சித்தப்பா "கிடக்கட்டும்" என்று சாக்கில் கட்டிக் கோழிக்கூட்டுக்கு மேலே வைத்திருந்தார். பத்து வருடம் கழித்து அந்தச் சாக்கு ஒரு கொழும்புப் பயணத்தை மிச்சப்படுத்தியது. கொம்பிறசரை மட்டும் மாற்றினார், மற்றது எல்லாம் அப்படியே ஏறியது.

ஆனால் அவர் உள்ளே செய்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை. குளிர் நல்லாக வர வேண்டும் என்று ஒரு டொயோட்டாக் காரின் முழுக் கூலிங் பெட்டியையும் டாஷ்போட்டுக்குப் பின்னால் நுழைத்தார், அதற்காக எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கிற தகட்டை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டினார், டாஷ்போட்டையும் வெட்டி நாலு பிளாஸ்ரிக் காற்றுவாயில் வைத்தார். குளிர் என்னுடையதைவிட நல்லது, மறைக்கவில்லை. ஏறி இருந்தால் பத்து நிமிடத்தில் கை சில்லிடும். ஆனால் ஒஸ்ரினுக்குள் இருக்கிற உணர்வு போய்விட்டது, ஏதோ ஒரு வான் மாதிரி. கலியாணத்துக்குப் பழைய கார் கேட்கிறவர்கள் உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். வெட்டிய டாஷ்போட்டைத் திரும்ப ஒட்ட முடியாது.

கீழே தொங்கும் பெட்டியைத்தான் நான் இரண்டாம் தடவையும் வைத்தேன். மைனரின் வேகமானி நடுவில், இரண்டு பக்கமும் கையுறைப் பெட்டி. பெட்டியை நடுவில் தொங்கவிட்டால் கியர் லீவரை மூன்றாம் கியருக்குப் போடும்போது விரல் முட்டி அடிபடும். நாலு அங்குலம் இடது பக்கம் தள்ளினோம், இப்போது முன்னால் இருப்பவருக்குக் குளிர் அதிகம், பின்னால் இருப்பவருக்குக் குறைவு. மாப்பிள்ளை பின்னால்தான் இருப்பார். புளோவரைக் கூட்டி, காற்றுவாயை மேலே தூக்கி, கூரையில் பட்டுப் பின்னே போகிற மாதிரி வைத்துச் சமாளிக்கிறேன். நாலு திருகாணியைக் கழற்றினால் கார் பழையபடி ஆகிவிடும் என்பதுதான் எனக்கு முக்கியம். தண்ணீர்க் குழாயை மறக்க வேண்டாம்: எங்கள் காற்றின் ஈரப்பதத்துக்குக் கூலிங் கொயிலில் இருந்து தண்ணீர் கொட்டும், குழாயைச் சரிவாக நிலத்துக்கு எடுக்காவிட்டால் முன்சீட்காரரின் வேட்டிதான் நனையும். அம்மாவின் காஞ்சிபுரத்தில் ஒரு தடவை நனைந்தது, அதைப் பற்றி மேலே எழுதவில்லை.

இனி மச்சானின் கரண்டுக் கனவு. யாழ்ப்பாணத்தில் இப்போது திரும்பும் பக்கமெல்லாம் டொயோட்டா ஹைபிரிட்டுகளான அக்வாவும் பிரியஸும் ஓடுகின்றன, அவற்றின் ஏசி கொம்பிறசருக்குப் பெல்ட் இல்லை, பற்றரியில் ஓடுகிறது. "அடிபட்ட ஹைபிரிட் ஒன்றின் கொம்பிறசரை எடுத்து ஒரு மூலையில் வைத்தால் பிறக்கெற்றும் வேண்டாம் கப்பியும் வேண்டாமே" என்றான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கொம்பிறசருக்குப் போகிற கரண்டு எங்கள் 12 வோல்ற் பற்றரியினது இல்லை. மாதிரிக்கு மாதிரி மாறும், பல பிரியஸில் 201.6 வோல்ற், முதல் மாதிரி அக்வாவில் 144 வோல்ற், செம்மஞ்சள் உறை போட்ட வயரில் வரும், ஆளைக் கொல்லும். மைனரில் அதை எங்கிருந்து எடுப்பது? 12 வோல்றிலேயே ஓடும் கொம்பிறசர்களும் விற்பனைக்கு உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தோம், 1000 வாற் இழுத்தால் 12 வோல்றில் 83 அம்பியர். பழைய எஞ்சினில் இருக்கிற அல்ரனேற்றர் அதில் பாதியைத் தருவதற்கே மூச்சு வாங்கும், கடவையில் ஐடிலில் நிற்கும்போது அதுவும் இல்லை. அல்ரனேற்றர், பற்றரி, தடித்த வயர் எல்லாம் மாற்றி முடிக்கிற காசுக்கு இரண்டு மைனருக்குப் பெல்ட் ஏசி போடலாம். மச்சான் கடைசியில் ஒரு நல்ல விசிறி வாங்கினான்.

சிரிக்காதீர்கள், ஏசி போடாமல் விடுவதும் ஒரு வழிதான். எஞ்சின் மாற்றிய கார்களில் உள்ளே சுடுவதற்குப் பாதிக் காரணம் வெயில் இல்லை. புதுக் கியர்பொக்ஸ் வைக்க, காருக்குள் நடுவில் மேடாக ஓடும் சுரங்கத்தை வெட்டியிருப்பார்கள், லீவர் வேறு இடத்தில் வரும், பழைய துளை திறந்தபடி கிடக்கும், கிளச் வயர் போகிற துளையில் இறப்பர் இருக்காது. எஞ்சினின் சூட்டுக் காற்று நேரே காலுக்கு வரும். இரவில் காருக்குள் இருந்து விளக்கை அணைத்துவிட்டு, பொனற்றுக்குள் ஒரு ரோச் லைற்றை எரியவிடுங்கள். எனது காலடியில் பதினொரு இடத்தில் வெளிச்சம் தெரிந்தது, சித்திரைப் பறுவம் மாதிரி. அவற்றைத் தகடும் இறப்பரும் வைத்து அடைத்து, நிலத்துக்கும் கூரையின் உட்பக்கத்துக்கும் வெப்பம் தடுக்கும் பாய் ஒட்டி, கால் பக்கம் வரும் சைலன்சர் குழாய்க்கு ஒரு தகட்டு மறைப்புப் போட்டேன். அதற்குப் பிறகு காலைச் சவாரிக்கு ஏசியே தேவைப்படவில்லை, முன்கதவின் சின்ன முக்கோணக் கண்ணாடியைத் திருப்பினால் சோளகக் காற்று உள்ளே வந்து போகும். நகரத்துக்குள் பின்னேரம் மட்டும் ஓடுகிறவர் இதோடு நிறுத்தலாம். ஏசி போடுகிறவரும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும், துளையோடு ஏசி போடுவது ஓட்டைக் குடத்துக்குத் தண்ணீர் அள்ளுகிற வேலை.

சரி, பெல்ட் ஏசி என்று முடிவாகிவிட்டால், காசைக் கொட்ட வேண்டிய இடம் முன்பக்கம். காருக்குள் இருந்து எடுத்த சூட்டையும் கொம்பிறசர் நசுக்கியதால் வந்த சூட்டையும் கொண்டென்சர்தான் வெளியே தள்ள வேண்டும், சின்னக் காரிலும் இது நாலு ஐந்து கிலோவாற் வரும். அவ்வளவையும் அது தள்ளுவது றேடியேற்றருக்கு முன்னால் இருக்கிற காற்றில். அந்தச் சுடுகாற்றைத்தான் றேடியேற்றர் குடிக்க வேண்டும். முதல் தடவை செற்றோடு வந்த கொண்டென்சர் பழைய மாதிரி, ஒரே குழாய் பாம்பு மாதிரி வளைந்து போவது. ஆர்12 காலத்துக்கு அது காணும். ஆர்134ஏக்கு மெல்லிய குழாய்கள் பல பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற புது மாதிரிக் கொண்டென்சர்தான் வேண்டும், அதே இடத்தில் கூடச் சூட்டைத் தள்ளும். கிறிலுக்குள் போகிற மிகப் பெரிய அளவை எடுங்கள். அதற்கு முன்னாலோ பின்னாலோ நல்ல விசிறி. ஆனையிறவில் மத்தியான வெயிலில், பின்காற்றோடு, ஏசி போட்டுக்கொண்டு போனபோதுதான் எனக்கு இது விளங்கியது: சூட்டுமானி முள் மெல்ல மெல்ல ஏறி முக்கால் தாண்டியது, ஏசியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினோம், வெளிக்காற்று அடுப்படி மாதிரி. அதன்பிறகு றேடியேற்றரை மூன்று வரிசைக் கோராக மாற்றி, 14 அங்குல விசிறி வைத்தேன். அந்தப் பாதையில் இப்போது முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். கடற்கரைப் பக்கம் ஓடுகிறவர்கள் கொண்டென்சரை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் மெல்லக் கழுவுங்கள், உப்பு அலுமினியச் சிறகுகளைத் தின்றுவிடும்.

கரண்டுப் பக்கம் சுருக்கமாக. இன்னும் டைனமோவோடு ஓடுகிற கார் என்றால், லூக்காஸ் டைனமோ உச்சத்தில் தருவது 22 அம்பியர், ஏசியின் புளோவரும் விசிறியும் கொம்பிறசர் கிளச்சும் சேர்ந்து இருபதைத் தாண்டும், இரவில் லைற் வேறு. அல்ரனேற்றர் இல்லாமல் ஏசி இல்லை. பழைய மைனரில் பற்றரியின் பொசிற்றிவ்தான் உடம்பில் பூட்டியிருக்கும், எஞ்சின் மாற்றும்போது அதைத் திருப்பியிருப்பார்கள், ஆனாலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விசிறிக்கும் கிளச்சுக்கும் தனித்தனி றெலே, தனித்தனி பியூஸ். அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் கொம்பிறசரை நிறுத்துகிற சுவிச்சை "அது தேவையில்லை அண்ணை" என்று விட்டுவிடுவார்கள், விடவேண்டாம். காபரேற்றர் எஞ்சினில் ஏசி போட்டதும் ஐடில் விழுந்து எஞ்சின் நின்றுபோகும். அதற்கு வெற்றிடத்தில் இழுபட்டு அக்சிலேற்றரைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிற சின்ன டப்பா ஒன்று உண்டு, பிறக்கெற் எடுத்த வானிலேயே அதையும் கேட்டு வாங்குங்கள்.

காஸ் விசயத்தில் இரண்டு சொல். முதல் தடவை போட்ட ஹோஸ் சாதாரண இறப்பர், ஆர்134ஏ அதற்குள்ளாலேயே கசியும், இரண்டு மாதத்தில் குளிர் நின்றது. இந்தக் காஸுக்கென்று உள்ளே நைலோன் படலம் வைத்த ஹோஸ் இருக்கிறது, அதைத்தான் போட வேண்டும். காஸ் அடிக்க முதல் குறைந்தது முக்கால் மணிநேரம் வெற்றிடம் இழுக்கச் சொல்லுங்கள், இழுத்துவிட்டு மெசினை நிறுத்தி முள் அசைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஈரத்தை உறிஞ்சும் றிசீவர் டிறையர், பூட்டுகிற கடைசி நிமிடம்வரை மூடி கழற்றாமல் இருக்க வேண்டும். காஸைக் கேஜைப் பார்த்து மட்டும் அளக்க முடியாது, தராசில் போத்திலை வைத்து நிறுத்துப் போடுகிற இடத்துக்குப் போங்கள். "இது மலிவு, குளிரும் கூட" என்று சமையல் காஸையோ குளிர்சாதனப்பெட்டிக்குப் போடும் ஆர்600ஏயையோ அடிக்க வந்தால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். இரண்டும் தீப்பிடிக்கிற காஸ், கூலிங் கொயில் இருப்பது உங்கள் முழங்காலுக்கு முன்னால்.

இவ்வளவும் பார்த்தபிறகு என் முடிவு இப்படி இருக்கிறது. காரைக் கலியாணத்துக்கும் தூரப் பயணத்துக்கும் ஓட்டுகிறவர், எஞ்சினின் சொந்தப் பிறக்கெற் கிடைக்குமென்றால், ஒரு மாதம் பொறுத்தாவது அதைத் தேடுங்கள். கொம்பிறசர் புதிது, கூலிங் பெட்டி தொங்குகிற மாதிரி, கொண்டென்சர் இடம் கொள்ளுமட்டும் பெரிது. பிறக்கெற் கிடைக்கவே இல்லை என்றால், செய்வியுங்கள், ஆனால் எஞ்சினில் பூட்டுகிற மாதிரி, கப்பியின் நேரை நீங்களே பக்கத்தில் நின்று பார்த்து. காரின் பழமையைப் பற்றிக் கவலையில்லை, குளிர்தான் வேண்டும் என்கிறவருக்குச் சித்தப்பாவின் வழி. நல்லூருக்கும் பெரியகடைக்கும் மட்டும் ஓடுகிறவருக்குத் துளை அடைப்பும் விசிறியும். கரண்டுக் கொம்பிறசரை இந்தக் கார்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

விலை எழுதச் சொல்வீர்கள், இறக்குமதிச் சாமான் என்பதால் இன்றைக்கு எழுதுகிற விலை அடுத்த மாதம் பொய்யாகிவிடும். என் கணக்கில் முதல் தடவைச் செலவில் முக்கால்வாசி வீண், அதில் தப்பியது கூலிங் பெட்டியும் புளோவர் சுவிச்சும் மட்டும். இரண்டாம் தடவையில் றேடியேற்றரும் விசிறியும் கொண்டென்சரும் தின்றதுதான் பெரிய பங்கு, கொம்பிறசர் இல்லை. பெற்றோல் லீற்றருக்கு ஒரு கிலோமீற்றர் குறைந்திருக்கிறது, ஓட்டக் காசில் சேர்த்துவிட்டேன்.

எஞ்சின் மாற்றும் வேலை இன்னும் தொடங்காதவர்கள் அதிர்ஷ்டசாலிகள். எஞ்சின் வாங்கும்போதே ஏசி இருந்த வாகனத்தினதா என்று கேட்டு, பிறக்கெற்றையும் கப்பியையும் கழற்றாமல் இறக்கச் சொல்லுங்கள், வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் நம்பரையும் மாற்றிவிடுங்கள். ஏசி இப்போது வேண்டாம் என்றாலும் அந்தச் சாமானைச் சாக்கில் கட்டி வையுங்கள். கோழிக்கூட்டுக்கு மேலே இடம் இருந்தால் நல்லது.